வாழ்த்துகள் என்று தொடங்கும் மெயில்

திருமானூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி மஞ்சு கம்ப்யூட்டர்ஸ் எங்கே என்று கேட்டால், "வாசல்ல கரும்பலகை சாத்தியிருக்கும், அதான்" என்பார்கள். பெயர்ப்பலகையைச் சொல்லமாட்டார்கள். அது போன வருஷத்துக் காற்றில் பிய்ந்துபோய் 'மஞ்சு கம்ப்' வரைக்கும்தான் மிச்சம் இருக்கிறது. ஊருக்குத் தெரிந்தது கரும்பலகைதான். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் மஞ்சு அதில் ஒரு குறிப்பு எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைப் போடுவாள்.

'கீபோர்டில் டீ கொட்டினால் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் வயரைப் பிடுங்குங்கள். குப்புறக் கவிழ்த்து ஒரு நாள் அப்படியே விடுங்கள்.' இது ஒரு நாள். 'தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்காதீர்கள். போனும் பிழைக்காது, அரிசியும் வீண்.' இது இன்னொரு நாள். 'குக்கரில் விசில் வராவிட்டால் தீயைக் கூட்டாதீர்கள். அணைத்து ஆறவிட்டு, வெயிட்டின் ஓட்டையை ஊசியால் குத்திப் பாருங்கள்.' 'ஓடிபி நம்பரை அத்தை மகன் கேட்டாலும் சொல்லாதீர்கள்.' இந்தக் கடைசிக் குறிப்பை அரியலூர் பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சத்தமாகப் படித்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. மஞ்சு சிரிக்கவில்லை. குறிப்பு என்றால் அவளுக்கு விளையாட்டில்லை.

பிறந்தது செட்டிகுளம். பெரம்பலூரில் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, அங்கேயே ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போனாள். கல்யாணமாகித் திருமானூர் வந்தாள். புருஷன் ராஜராஜன் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவன், பேச்சு குறைவு, தூக்கம் அதிகம். ரெட்டிபாளையத்தில் ஒரு கான்டிராக்டர் ஆபீஸில் லாரிகளுக்கு கேட் பாஸ் அடித்துக் கொடுக்கும் வேலை மஞ்சுவுக்கு ஒன்பது வருஷம் இருந்தது. அங்கே பறக்கிற தூசியில் நாலு மாதத்துக்கு ஒரு முறை சிஸ்டம் மூச்சு முட்டி நின்றுபோகும். பிரித்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, திரும்ப மாட்டி ஓட வைப்பாள். மெக்கானிக் வருவதற்குள் சரி செய்துவிடுகிற பெண் என்று பெயர் வந்தது. பெயர் வந்த கொஞ்ச நாளில் கான்டிராக்ட் முடிந்தது, வேலையும் போனது. அதன் பிறகுதான் இந்தக் கடை. ஒரு சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மிஷின்.

அவளுக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கவேண்டும். பேனா மூடியில்லாமல் கிடந்தால் கோபம் வரும். ஊரோ அப்படிப்பட்ட ஊர் இல்லை. விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கெல்லாம் ஆரம்பத்தில் தனித்தனியாக மெயில் முகவரி போட்டுக் கொடுத்து, பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதியும் தந்தாள். அடுத்த தடவை வரும்போது சீட்டு இருக்காது. சிலர் சிம்மை மாற்றியிருப்பார்கள். ஒருத்தர் சீட்டை ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்தேன் என்றார், ரேஷன் கார்டையே காணோம். "ஒங்களுதையே போட்டுடுங்கக்கா, வந்தா நீங்க சொல்லிட மாட்டீங்களா?" என்பார்கள். ஒரு வருஷம் போராடிப் பார்த்துவிட்டு மஞ்சுவும் விட்டுக்கொடுத்தாள். எல்லாருடைய விண்ணப்பத்திலும் கடையின் மெயில் முகவரியே ஏறியது.

ஒரே முகவரியை இரண்டாம் முறை கொடுத்தால் சில வேலைத் தளங்கள் ஏற்காது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். முகவரிக்கு நடுவே ஒரு புள்ளியை வைத்தால் தளம் அதை வேறு ஆள் என்று நம்பும், மெயில் என்னவோ அதே பெட்டிக்குத்தான் வந்து விழும். முதல் எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைத்தால் ஒருத்தர், மூன்றாம் எழுத்துக்குப் பின்னால் வைத்தால் இன்னொருத்தர், இரண்டு இடத்தில் வைத்தால் வேறொருத்தர். யாருக்கு எந்தப் புள்ளி என்று நீள நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எண்ணூறு பேருக்கு மேல் இருக்கும். போலீஸ் வேலை, ரயில்வே வேலை, அங்கன்வாடி வேலை என்று அந்த வட்டாரத்தின் ஆசை முழுக்க அந்த ஒரு பெட்டிக்குள் கிடந்தது. இதில் மஞ்சுவுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, அதை மறைப்பானேன்.

இந்த எண்ணூறு பேரில் அவள் தன் வீட்டுக் காரியமாகவே நினைத்தது ஒருத்தியைத்தான். பானுப்ரியா. அரியலூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. லேப் டெக்னீஷியன் டிப்ளமா வைத்திருக்கிறாள், ஆனால் அங்கே பாதி நேரம் பாட்டில் கழுவுகிற வேலைதான். புருஷன் திருப்பூர் போனவன் திரும்பவில்லை. எட்டு வருஷமாக அண்ணன் வீட்டில் இருக்கிறாள். படுக்கிறது கூடத்தில், டிவி நின்ற பிறகு. துணிமணி எல்லாம் ஒரு சூட்கேஸுக்குள், அதைக் கட்டிலுக்கு அடியில் வைக்க அண்ணியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு ரூம்னாலும் போதும்க்கா. உள்ளாற போயி தாப்பாப் போட்டுகிட்டு ஒக்காரணும். அவ்வளவுதான்" என்பாள்.

அரியலூரிலிருந்து பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் கடை வாசலில் நிற்பாள். "மஞ்சக்கா, ஏதாச்சும் வந்துச்சா?" என்பாள். "இல்லடி" என்பாள் மஞ்சு. பலகையில் அன்றைய குறிப்பை ஒரு தடவை படித்துவிட்டுப் போவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், வந்தது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி பெயர் போட்டு, முத்திரை வைத்து, 'கங்க்ராஜுலேஷன்ஸ்', அதாவது வாழ்த்துகள், என்று தொடங்கிய மெயில். பானுப்ரியா தேர்வாகிவிட்டாள், பதிவுக் கட்டணம் அனுப்பிவிட்டு இன்ன தேதியில் நேரில் வந்து வேலையில் சேரவேண்டும் என்று எழுதியிருந்தது. மஞ்சுதான் முதலில் பார்த்தாள். சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். கட்டணத்தைத் தன் போனிலிருந்தே அனுப்பினாள். மெயிலைக் கலரில் பிரிண்ட் எடுத்தாள், எடுத்ததை லேமினேட்டும் செய்தாள். எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் செய் என்று ஊருக்கெல்லாம் எழுதிப் போடுகிறவள், அன்றைக்கு ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அண்ணி தெருவெல்லாம் ஜிலேபி கொடுத்தாள். பானுப்ரியா பஸ்ஸில் இடம் கிடைக்காமல் விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே போனாள். மெயிலில் இருந்த விலாசத்தில் ஆஸ்பத்திரி இல்லை, ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. வாசலில் நின்ற வாட்ச்மேன் லேமினேட் செய்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ இன்னிக்கு ஆறாவது ஆளும்மா" என்றிருக்கிறார். அன்று அங்கே ஏதோ ஒரு கல்யாணம். பந்தியில் உட்காரச் சொன்னார்களாம். பானுப்ரியா உட்காரவில்லை, அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டாள். அதன் பிறகு அண்ணன் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் "கலெக்டரம்மா வந்து எடுத்துத் தருவாங்க" என்று ஒரு கேலி நிலைத்துப்போனது.

அந்தக் காலிப்பயல்களை மஞ்சு என்ன செய்ய முடியும்? முகமும் தெரியாது, ஊரும் தெரியாது. போலீஸில் எழுதிக் கொடுத்தாள், தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கோபத்தைக் காட்ட அவளுக்கு மிச்சமிருந்தது அந்த மெயில் பெட்டிதான். உட்கார்ந்து தேடிப் பார்த்தாள். கங்க்ராஜுலேஷன்ஸ் என்று தொடங்கி வந்த மெயில் இருநூற்றுச் சொச்சம் இருந்தது. லாட்டரி, லோன், கனடாவில் வேலை, இலவச ஸ்கூட்டர். அத்தனையும் பொய். ஒன்றுகூட உண்மை இல்லை, அதை ஒவ்வொன்றாகப் பார்த்தே முடிவு செய்தாள். பிறகு பெட்டிக்கு ஒரு வடிகட்டி போட்டாள். அந்தச் சொல் இருக்கிற எந்த மெயிலும் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குப் போய்விடவேண்டும். முப்பது நாள் கழித்துக் குப்பையும் தானாகக் காலியாகிவிடும்.

மறுநாள் பலகையில் இப்படி எழுதினாள்: 'வாழ்த்துகள் என்று தொடங்கும் மெயிலைத் திறக்காதீர்கள். நம்மை வாழ்த்த அங்கே யாரும் இல்லை.' சுண்ணாம்புத் தூசியில் மற்றக் குறிப்புகள் அன்றன்றைக்கே மங்கிப்போகும். இதை மட்டும் மங்க மங்கத் திரும்ப எழுதி ஒரு வாரம் வைத்திருந்தாள். பானுப்ரியா அதைப் படித்துவிட்டு, "சரியாத்தான்க்கா எழுதியிருக்க" என்றாள்.

இந்த வருஷம் ஒரு நிஜ அறிவிப்பு வந்தது. தூரத்து ஊர் ஒன்றில் மத்திய அரசு ஆஸ்பத்திரி, லேப் டெக்னீஷியன் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு. வயது வரம்பு முப்பத்தைந்து. பானுப்ரியாவுக்குப் புரட்டாசியில் முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் இனிமேல் எழுத முடியாது என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. மஞ்சு இந்தத் தடவை ஏமாறவில்லை. பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறதா என்று பார்த்தாள், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டாள், அதன் பிறகுதான் விண்ணப்பம் போட்டாள். பானுப்ரியாவின் புள்ளி இரண்டாம் எழுத்துக்குப் பின்னால். கீழே பொடி எழுத்தில், தபால் அனுப்பமாட்டோம், தகவல் எல்லாம் மெயிலில் மட்டுமே வரும் என்று போட்டிருந்தது. அதையும் படித்தாள். படித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள்.

ஆடியில் திருச்சி போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள் பானுப்ரியா. "எல்லாந் தெரிஞ்ச கேள்விதான்க்கா" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கவே நன்றாக இருந்தது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. தினமும் கடை வாசலில் நின்றாள். ஏதாச்சும் வந்துச்சாக்கா, இல்லடி. வடிகட்டி போட்டதையே மஞ்சு மறந்திருந்தாள். இரண்டு வருஷமாகப் பெட்டி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் கூட்டம் கலைந்த பிறகு, மஞ்சு சும்மா அந்த ஆஸ்பத்திரியின் தளத்தைத் திறந்து பார்த்தாள். புதிதாக ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். சான்றிதழ் சரிபார்க்க அழைக்கப்பட்டவர்கள் பட்டியல். பதினொன்றாவது பெயர் பானுப்ரியா. நேர் எதிரே 'வரவில்லை' என்று இருந்தது. பிறந்த தேதியைப் பார்த்தாள். பதிவெண்ணை நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். அவளேதான்.

போன் போட்டாள். அங்கே எடுத்த கிளார்க் பொறுமையான மனிதர். "மெயில் அனுப்பியாச்சேம்மா. முப்பத்தாறு நாளாச்சு. ரெண்டாந்தடவ ஞாபகப்படுத்தியும் அனுப்பிருக்கோம்."

"என்னான்னு சார் அனுப்புனீங்க? மேல என்னா போட்டுருந்துச்சு? கொஞ்சம் படிங்க சார்."

அவர் தேடி எடுத்துப் படித்தார். கங்க்ராஜுலேஷன்ஸ் என்று தொடங்கியது.

"ரெண்டாவது மெயில் சார்?"

"அதே மெயில்தாம்மா, மறுநாளே திரும்ப அனுப்பிருக்காங்க. வராதவங்க இடத்துக்கு அடுத்த ஆளக் கூப்புட்டு ஆர்டரும் குடுத்தாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வயசு இருந்தா அடுத்த வருசம் எழுதச் சொல்லுங்க."

மஞ்சு குப்பையைத் திறந்தாள். முப்பது நாளுக்குள் வந்தவை மட்டும் வரிசையாக நின்றன. அதற்கு முந்தியவை போய்விட்டிருந்தன. குப்பையில் போட்டது முப்பது நாள் இருக்கும், அதற்குள் தேடினால் கிடைக்கும் என்று அவளே ஒரு முறை பலகையில் எழுதியிருக்கிறாள். அப்போதுதான் அவளுக்கு மற்றதும் உறைத்தது. வடிகட்டி போட்டு இரண்டு வருஷமாகிறது. பெட்டியில் எண்ணூறு பேர் இருக்கிறார்கள். பானுப்ரியா ஒருத்திக்குத்தான் இப்படி ஆனதா? வேறு எத்தனை பேருக்கு உண்மையான அழைப்பு வந்து குப்பையில் காலியானது? தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. யாரும் வந்து ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. வராது என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். கேட்டது பானுப்ரியா ஒருத்திதான், அதுவும் தினமும்.

சாயங்காலம் அவள் கடை வாசலுக்கு வந்து கேட்கும்வரை காத்திருக்க மஞ்சுவால் முடியவில்லை. வடிகட்டியை எடுத்துவிட்டு, பட்டியலைப் பிரிண்ட் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடையைப் பூட்டி அரியலூர் பஸ் ஏறினாள். ராஜராஜனுக்குப் போன் போட்டாள். அவன் டிப்பரை ஓரங்கட்டிவிட்டு முழுக்கக் கேட்டான். "தெரிஞ்சா பண்ணுன?" என்று மட்டும் கேட்டான். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. பஸ் போகப் போகப் போனில் மெயில் வந்து விழுந்துகொண்டிருந்தது. வாழ்த்துகள், உங்களுக்கு லோன். வாழ்த்துகள், உங்களுக்கு கார். ஒவ்வொன்றையும் திறந்து, எந்தப் புள்ளிக்கு வந்திருக்கிறது என்று பார்த்தாள். எல்லாம் பொய்தான். ஆனாலும் ஒன்றைக்கூடத் திறக்காமல் விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

லேப் பின்கட்டில் பானுப்ரியா ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். மஞ்சுவைப் பார்த்ததும் எழுந்தாள். "என்னாக்கா இங்கயே வந்துட்ட? வந்துருச்சா?"

மஞ்சு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வடிகட்டியை, குப்பையை, கிளார்க் சொன்னதை. ஒன்றையும் குறைக்கவில்லை, நான்தான் செய்தேன் என்பதையும் விடவில்லை. பானுப்ரியா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தாள்.

"போக்கா. அதுவும் பொய்யாத்தான் இருக்கும். கங்க்ராஜுலேஷன்ஸ்னு வந்தா தொறக்கவே கூடாதுன்னு நீதான எழுதிப் போட்ட? நான் அத மறப்பனா? இதுக்காவா வேல மெனக்கெட்டு பஸ் ஏறி வந்த?"

அப்படியே விட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். பானுப்ரியா அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். மஞ்சுவின் கை பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது. ஒரு பொய்யைப் பத்திரமாக லேமினேட் செய்து கொடுத்தவளுக்கு, இன்னொரு பொய்யையும் கொடுக்க மனம் வரவில்லை. தாளை எடுத்து நீட்டினாள்.

பானுப்ரியா கையுறையைக் கழற்றி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பதினொன்றாவது வரியை விரலால் தொட்டுப் படித்தாள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. விரல் கடைசியில் வந்து நின்றது.

"வரலன்னு போட்டுருக்கான்க்கா."

மஞ்சு தலையை ஆட்டினாள்.

"பொய்யாக் கூப்புட்டதுக்கே விழுப்புரம் வரைக்கும் நின்னுகிட்டே போனவ நான். நெசமாக் கூப்புட்டா போவாம இருப்பனா? வரலன்னு எழுதிட்டானே. போன்ல ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லக்கா நீ, அந்தப் பொண்ணு அப்படி வராம இருக்கறவ இல்லன்னு."

முன்பக்கத்திலிருந்து ரிப்போர்ட் ரெடியா என்று யாரோ கூப்பிட்டார்கள். பானுப்ரியா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையுறையை மறுபடி மாட்டினாள்.